கடுகுப் பூவைப் பார்த்து அதன் இனப்பெருக்க முறையைக் கணிப்பது எப்படி?

முள்ளங்கியை விதைக்காக விட்டுவைப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. பாத்தியில் ஒரே ஒரு செடியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிச் சமைத்துவிடுவார்கள். நின்ற செடி நன்றாகப் பூக்கும், தேனீயும் வந்து போகும். ஆனால் காய் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே விதை இருக்காது. அதே தோட்டத்தில் சமையலறைக் கடுகில் ஒரு சிட்டிகையைத் தொட்டியில் தூவினால், ஒற்றைச் செடியாக நின்றாலும் பெரும்பாலும் காய்த்துத் தள்ளும். முள்ளங்கியும் கடுகும் ஒரே குடும்பம். பூவின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். இருந்தும் முள்ளங்கி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, கடுகு ஏற்கும்.

கடுகுக் குடும்பத்தில், அதாவது பிராசிகேசியில், சுமார் 4,000 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி தன் மகரந்தத்தை மறுப்பவை, மீதி ஏற்பவை. ஒரு செடி எந்தப் பக்கம் என்பதைப் பூவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

தேவையானவை

பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று, கூர்மையான சிறு இடுக்கி ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல், வண்ண நூல், மெல்லிய வலைத்துணிப் பைகள், ஒரு நோட்டு. மகரந்தத்தை எண்ணிப் பார்க்க ஆசை இருந்தால் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கி வேண்டும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

செடிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பது நல்லது. ஒரு தொட்டியில் கடுகு, இன்னொன்றில் நாட்டு வெள்ளை முள்ளங்கி. இரண்டிலும் நாலைந்து செடிகளாவது வேண்டும். கடுகு ஒன்றரை மாதத்துக்குள் பூக்கத் தொடங்கிவிடும். முள்ளங்கியைப் பிடுங்காமல் விட்டால் நடுவிலிருந்து பூத்தண்டு எழும். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில், இது கடுகுக் குடும்பம்தானா?

நாலு இதழ் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தரிசில் மஞ்சளாகப் பூக்கும் நாய்க்கடுகுக்கும் நாலு இதழ்தான். பெயரிலேயே கடுகும் இருக்கிறது. ஆனால் அது கிளியோமேசி என்ற பக்கத்துக் குடும்பம். லென்ஸை வைத்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். நாய்க்கடுகில் ஆறைவிட அதிகமாகக் கொத்தாக இருக்கும். கடுகுப் பூவில் ஆறு இருக்கும். அதில் உள்வட்டத்தில் நாலு நீளமானவை, வெளிவட்டத்தில் எதிரெதிரே இரண்டு குட்டையானவை. நாலு நெட்டை, இரண்டு குட்டை என்ற இந்தக் கணக்குதான் குடும்பத்தின் முத்திரை. காய் முற்றியபின் பிளந்தால் நடுவே தாள் போன்ற மெல்லிய சுவர் ஒன்று நிற்கும். அது இரண்டாவது அடையாளம்.

ஆறுக்கும் குறைவாக இருந்தால் குடும்பம் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். அதுவே ஒரு துப்பு. ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் களையாகப் பரவிய கார்டமைன் ஹிர்சுட்டாவில் குட்டைத் தாள்கள் இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. இதழ்கூட ஒரு பூவில் நாலு, இன்னொன்றில் இரண்டு, வேறொன்றில் எதுவுமே இல்லை என்று மாறிக்கொண்டிருக்கும். தானே சூல்கொள்ளும் செடி அது. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் தாலியானாவிலும் குட்டைத் தாள்களில் ஒன்றோ இரண்டோ காணாமல் போயிருப்பது சாதாரணம். அதுவும் தானே சூல்கொள்வதுதான். தன் சேர்க்கைக்குக் குட்டைத் தாள் பெரிதாக உதவுவதில்லை. இல்லாமல் போனாலும் செடிக்கு நட்டமில்லை.

ஒரே பூங்கொத்தில் மூன்று நாள் கதை

கடுகின் பூங்கொத்து கீழிருந்து மேலே பூத்துக்கொண்டு போகும். அதனால் ஒரு கொத்தைக் கையில் பிடித்தாலே எல்லா வயதுப் பூவும் வரிசையாகக் கிடைத்துவிடும். உச்சியில் பச்சை மொட்டுகள், அதற்குக் கீழே நாளை விரியப்போகும் மஞ்சள் நுனி மொட்டு, அப்புறம் இன்று காலை விரிந்தது, நேற்றையது, கீழே இதழ் உதிர்ந்து காயாகத் தொடங்கியது. ஒரு பூ சுமார் மூன்று நாள் விரிந்திருக்கும்.

காலை ஒன்பது, பத்து மணிக்குப் பாருங்கள். மகரந்தப்பை அப்போதுதான் வெடித்திருக்கும். மதியத்துக்குமேல் பார்த்தால் தேனீ மகரந்தத்தை வழித்துக்கொண்டு போயிருக்கும், எதுவும் தெளிவாகத் தெரியாது. ஒரு செடியில் ஒரு பூ என்று நிறுத்தாமல் ஐந்து செடிகளில் இரண்டிரண்டு பூவாவது அளந்து எழுதுங்கள். கொத்தின் கடைசிப் பூக்கள் எப்போதும் சிறுத்திருக்கும், அவற்றை அளக்க வேண்டாம்.

இதழ், மணம், தேன்

இதழின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். பூச்சியை நம்பியிருக்கும் செடி இதழுக்கும் மணத்துக்கும் தேனுக்கும் செலவு செய்யும். தானே சூல்கொள்ளும் செடிக்கு அந்தச் செலவு வீண். அதனால் தலைமுறை தலைமுறையாக இதழ் சிறுக்கும், மணம் குறையும், தேன் வற்றும், பூ முழுக்க விரியாமல் பாதி மூடியபடியே வேலையை முடித்துவிடும்.

தேன்சுரப்பி எங்கே என்று பார்க்க ஒரு இதழையும் ஒரு புல்லி இதழையும் மெதுவாகக் கிள்ளி எடுங்கள். குட்டைத் தாளின் அடியில் பச்சையாக ஒரு சிறு மேடு தெரியும். அதன்மேல் காலையில் ஈரம் மின்னும். நீண்ட தாள்களுக்கு வெளியிலும் இரண்டு சுரப்பிகள் உண்டு. ஆனால் கடுகில் தேன் பெரும்பாலும் குட்டைத் தாள் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

அளவைத் தனியாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை, நெருங்கிய உறவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு இதே குடும்பத்துச் சிறு செடியான காப்செல்லாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கிரேக்கத்திலும் அல்பேனியாவிலும் வளரும் காப்செல்லா கிராண்டிஃபுளோரா தன் மகரந்தத்தை ஏற்காது. அதன் இதழ் பெரியது. அதிலிருந்து பிரிந்த காப்செல்லா ரூபெல்லா தானே சூல்கொள்ளும். அதன் இதழைப் பார்க்கவே லென்ஸ் வேண்டும், அவ்வளவு சிறியது. இரண்டும் பிரிந்து இரண்டு லட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பது மரபணு ஆய்வாளர்களின் கணிப்பு. செடிகளின் வரலாற்றில் இது மிகக் குறுகிய காலம். அதற்குள் இதழ், மகரந்தம், பூவின் விரிவு எல்லாமே சுருங்கிவிட்டன.

மகரந்தப்பை எந்தப் பக்கம் பார்க்கிறது?

இதழை அளக்க எல்லோருக்கும் தோன்றும். மகரந்தப்பையின் முகத்தைப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. என்னைக் கேட்டால் பூவில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

இன்று விரிந்த பூவைக் காம்போடு பறித்து, முன்பக்கத்து இதழ் இரண்டையும் நீக்கிவிட்டுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நடுவில் பச்சைக் கம்பிபோல் சூலகம், அதன் உச்சியில் குமிழ்போல் சூலகமுடி. சுற்றிலும் நாலு நீண்ட தாள்கள். இப்போது மூன்று கேள்விகள். சூலகமுடி மகரந்தப்பைகளுக்கு மேலே நிற்கிறதா, கீழேயா, சமமா? சமமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் இடைவெளி எவ்வளவு? மகரந்தப்பையின் பிளவு சூலகமுடியைப் பார்க்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா?

பிளவு எதுவென்று தெரிய, மகரந்தம் ஒட்டியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் மாவு படிந்திருக்கும் பக்கம்தான் முகம். இந்தக் குடும்பத்தில் மொட்டாக இருக்கும்போது பை பொதுவாக உள்நோக்கித்தான் இருக்கும். வேறு செடியின் மகரந்தத்தால் சூல்கொள்ளும் அயல் சேர்க்கைச் செடிகள் பலவற்றில், பூ விரியும்போது மகரந்தக் கம்பியின் நுனி முறுக்கிக்கொண்டு பை வெளிப்பக்கம் திரும்பிவிடும். தேன் குடிக்க வரும் பூச்சியின் உடலில் மகரந்தம் படும், பக்கத்திலிருக்கும் சூலகமுடியில் படாது. தானே சூல்கொள்ளும் செடிகளில் இந்தத் திருப்பம் நடப்பதில்லை. பை உள்நோக்கியபடியே வெடித்து, சூலகமுடிமேல் நேராகக் கொட்டும்.

இதற்கு வட இந்திய வயல்களிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிராசிகா ராப்பா என்ற ஒரே இனத்தில் பழுப்பு சர்சோன், மஞ்சள் சர்சோன் என்று எண்ணெய் வித்து வகைகள் உண்டு. பழுப்பில் லோட்னி, தோரா என்று இரண்டு. லோட்னி அயல் சேர்க்கை வகை, பை வெளிநோக்கித் திரும்பும். தோராவும் மஞ்சள் சர்சோனும் தன் சேர்க்கை வகைகள், பை உள்நோக்கியே நிற்கும். இனம் ஒன்று, முகம் வேறு, பழக்கம் வேறு.

அமெரிக்காவின் தென்கிழக்கில், சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த திறந்த வெளிகளில் லீவன்வொர்த்தியா என்ற சிறு செடி வளர்கிறது. அதன் சில இனங்களில் ஒரு கூட்டம் தன் மகரந்தத்தை மறுக்கும், சற்றுத் தள்ளி வளரும் இன்னொரு கூட்டம் ஏற்கும். டேவிட் லாய்ட் 1965இல் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஏற்கும் கூட்டங்களில் இதழ் சிறுத்திருந்தது, பையின் முகம் உள்நோக்கித் திரும்பியிருந்தது. உலகின் இரு மூலைகளில், நெருங்கிய உறவில்லாத இரண்டு செடிகளில் ஒரே மாற்றம் என்பதால்தான் இந்த அடையாளத்தை இவ்வளவு நம்புகிறேன்.

நேற்றைய பூவையும் ஒருமுறை பாருங்கள். பூ வாடத் தொடங்கும்போது இதழ்கள் உள்ளே குவிந்து பைகளைச் சூலகமுடிமேல் அழுத்துவதுண்டு. பூச்சி வராத பூவுக்கு அது கடைசி வாய்ப்பு.

மகரந்தத்துக்கும் சூலுக்கும் உள்ள விகிதம்

நுண்ணோக்கி கிடைப்பவர்களுக்கு மட்டும் இது. நாளை விரியப்போகும் மொட்டிலிருந்து, வெடிக்காத ஆறு பைகளையும் எடுத்து, ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு நன்றாக நசுக்குங்கள். இரத்த அணு எண்ணும் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள பெரிய கட்டத்தில் எத்தனை மகரந்தத் துகள் என்று எண்ணுங்கள். சராசரியை 10,000ஆல் பெருக்கினால் அந்தப் பூவின் மொத்த மகரந்தம். உதாரணத்துக்கு, கட்டத்துக்கு 4 என்றால் பூவுக்கு 40,000. பிறகு அதே மொட்டின் சூற்பையை நீளவாக்கில் பிளந்து சூல்களை எண்ணுங்கள். சூல் 16 என்றால் விகிதம் 2,500.

ராபர்ட் க்ரூடன் 1977இல் பல குடும்பங்களைச் சேர்ந்த செடிகளை எண்ணி ஒரு அளவுகோல் கொடுத்தார். கட்டாயமாகத் தானே சூல்கொள்பவற்றில் விகிதம் சராசரியாக 28க்குப் பக்கம், முழு அயல் சேர்க்கைச் செடிகளில் 5,800க்கு மேல். இந்த எண்களைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிர்ச் செடிகளில், தானே சூல்கொள்பவையாக இருந்தாலும் விகிதம் அதிகமாகவே இருக்கக்கூடும். இங்கேயும் உறவோடு ஒப்பிடுவதுதான் பயன் தரும். கட்டங்களைக் குறைவாக எண்ணினால் பிழை பெரிதாகும், இருபது முப்பது கட்டமாவது எண்ணுங்கள்.

பெரிய பூ எங்கே ஏமாற்றும்

இப்போது முள்ளங்கிப் பூவை எடுத்து அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெள்ளையோ இளம் ஊதாவோ, நரம்பு தெரியும் அகன்ற இதழ்கள். கடுகைவிட நன்றாகவே பெரியவை. ஆனால் நீண்ட தாள்களின் பைகள் சூலகமுடிக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நிற்கும். உயரத்தை மட்டும் பார்த்தால் தன் சேர்க்கை நடந்துவிடும் என்றுதான் தோன்றும். மகரந்தம் விழவும் செய்யும். ஆனால் விதை வராது.

காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு. சூலகமுடியின் மேற்பரப்பில் எஸ்ஆர்கே என்ற புரதம் இருக்கிறது. மகரந்தத்தின் மேற்பூச்சில் எஸ்சிஆர் என்ற சிறு புரதம். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒன்றோடொன்று பொருந்தி, 'இது நம்முடையது' என்று சூலகமுடி கண்டுகொள்ளும். உடனே அந்தத் துகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகும், குழாய் முளைக்காது. தன்-ஒவ்வாத்தன்மை என்பது இதுதான். மகரந்தத்தின் மேற்பூச்சு அந்த மகரந்தத்தைத் தந்த செடியின் திசுவிலிருந்து வருவது. அதனால் ஒரே வகை கொண்ட உடன்பிறப்புச் செடிகளும் ஒன்றையொன்று மறுக்கும். முட்டைக்கோஸ் இனமான பிராசிகா ஒலரேசியாவில் இப்படிச் சுமார் 50 வகைகள் தெரிந்திருக்கின்றன.

இந்தப் பூட்டுக்கு இரண்டு மரபணுக்களே பிரதானம் என்பதை 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜூன் நஸ்ரல்லாவின் குழு காட்டியது. தன் மகரந்தத்தை மறுக்கும் அராபிடாப்சிஸ் லைராட்டாவிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து, தானே சூல்கொள்ளும் தாலியானாவுக்குள் வைத்தார்கள். தாலியானா தன் மகரந்தத்தை மறுக்கத் தொடங்கியது.

பூட்டு உடைய ஒரு மரபணு மாற்றம் போதும், அது ஒரே தலைமுறையில் நடக்கலாம். இதழ் சிறுக்கவும் மகரந்தம் குறையவும் நெடுங்காலம் ஆகும். முதலில் பூட்டு உடைகிறது, பூ பின்னால் மாறுகிறது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பூவை எவ்வளவு நம்பலாம் என்பது தெளிவாகிவிடும். இதழ் குறுகி, பை உள்நோக்கி, மகரந்தம் குறைந்த பூவைக் கண்டால், இது தானே சூல்கொள்ளும் என்று துணிந்து எழுதலாம். பெரிய, மணமுள்ள, தேன் நிறைந்த பூவைக் கண்டு 'அயல் சேர்க்கை' என்று எழுதிவிடக் கூடாது. பூட்டு சமீபத்தில் உடைந்திருக்கலாம்.

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வளரும் லைராட்டாக் கூட்டங்கள் சிலவற்றில் பூட்டு உடைந்துவிட்டது. ஆனால் பூ கொஞ்சம்தான் சிறுத்திருக்கிறது. கனோலா எண்ணெய் தரும் பிராசிகா நாப்பஸும் அப்படித்தான். வயல் முழுக்க மஞ்சளாகத் தேனீக்களை அழைக்கும், விதையில் பெரும்பகுதியோ தன் சேர்க்கையால் வருவது.

பை கட்டிப் பார்ப்பது

அதனால் கடைசியில் வலைத்துணிப் பை கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு செடியில் நாலு கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் விரிந்த பூக்களையும் பிடித்த காய்களையும் கிள்ளிவிட்டு, மொட்டுகளை மட்டும் வைத்து, வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள்.

முதல் கிளைக்குப் பை கட்டி அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதற்கும் பை கட்டி, தினமும் காலையில் திறந்து, அதே செடியின் மகரந்தத்தைக் கையால் சூலகமுடியில் தடவுங்கள். மூன்றாவதில் நாளை விரியப்போகும் மொட்டுகளை இடுக்கியால் மெல்லத் திறந்து, ஆறு மகரந்தப்பைகளையும் வெடிக்கும் முன்பே எடுத்துவிட்டு வலைத்துணிப் பை கட்டுங்கள். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி மறுபடி மூடிவிடுங்கள். நாலாவது கிளை திறந்தே இருக்கட்டும். செடி மாறும்போது இடுக்கியைச் சாராயத்தில் துடைப்பது அவசியம்.

மொட்டு மிகவும் இளசாக இருக்கும்போது சொந்த மகரந்தத்தைத் தடவிவிடாதீர்கள். விரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு அந்தப் பூட்டு இன்னும் முழுதாக அமைந்திருக்காது, ஆனால் சூலகமுடி மகரந்தத்தை ஏற்கும். முட்டைக்கோஸ் விதை வளர்ப்பாளர்கள் தன் சேர்க்கையால் குணம் மாறாமல் வரும் தூய வழிகளைக் காப்பாற்ற இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அது முடிவைக் குழப்பிவிடும். கடும் வெயிலும் பூட்டைத் தளர்த்தும், பை கட்டிய செடியை உச்சி வெயிலில் வைக்க வேண்டாம்.

பூங்கொத்து பைக்குள்ளேயே வளர்ந்து மடங்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பையைச் சற்று மேலே தூக்கிக் கட்டுங்கள். கடைசிப் பூவும் வாடியபின் பையை எடுத்துவிடலாம்.

எண்ணிக்கையைப் படிப்பது

காய் முற்றியதும் ஒவ்வொரு கிளையிலும் பூவுக்கு எத்தனை விதை என்று கணக்கிடுங்கள். உதிர்ந்த பூக்களையும் வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும், தண்டில் காம்பின் தழும்பு இருக்கும். இரண்டாவது கிளையின் எண்ணை மூன்றாவதின் எண்ணால் வகுங்கள். 1க்குப் பக்கத்தில் வந்தால் செடி தன் மகரந்தத்தை ஏற்கிறது. 0.2க்குக் கீழே வந்தால் மறுக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது கிளை நன்றாகக் காய்த்து, முதல் கிளை மட்டும் காய்க்காமல் போனால், செடி ஏற்கிறது, ஆனால் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க யாராவது வேண்டும். மகரந்தப்பையின் முகமும் உயரமும் பற்றி எழுதிவைத்த குறிப்பை அப்போது எடுத்துப் பாருங்கள், காரணம் அதில் இருக்கும்.

உங்கள் சமையலறைக் கடுகு பை கட்டியும் காய்க்காவிட்டால் செடியை அடையாளம் காண வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் விளைவது பிராசிகா ஜுன்சியா, அது தன் மகரந்தத்தை ஏற்கும். சிறு கருங்கடுகான பிராசிகா நைக்ரா ஏற்காது. நைக்ராவின் காய்கள் குட்டையாக, தண்டோடு ஒட்டியபடி நிமிர்ந்து நிற்கும். ஜுன்சியாவின் காய்கள் நீளமாக, தண்டைவிட்டு விலகி நிற்கும். கொரியத் தந்தைக்கு ஜப்பானில் பிறந்து அங்கே ஆய்வுசெய்த நாகஹாரு யூ, 1935இல் காட்டிய உறவு இங்கே உதவும். ராப்பா, நைக்ரா, ஒலரேசியா மூன்றும் மூல இனங்கள், பெரும்பாலும் மறுப்பவை. அவை இரண்டிரண்டாகக் கலந்து உண்டான ஜுன்சியா, நாப்பஸ், காரினாட்டா பெரும்பாலும் ஏற்பவை.

முள்ளங்கியில் முதல் இரண்டு கிளைகளும் மெலிந்த காம்புகளோடு நிற்க, மூன்றாவதும் நாலாவதும் தடித்த காய்களோடு நின்றால் சோதனை சரியாக நடந்திருக்கிறது. விதைக்காக வைப்பவர்கள் ஒரு செடியோடு நிறுத்தாமல் பத்துப் பதினைந்து செடிகளைச் சேர்த்துப் பூக்க விடுங்கள். ஒரே காயிலிருந்து வந்த விதைகளை மட்டும் நடாமல், வெவ்வேறு செடிகளின் விதையைக் கலந்து நடுங்கள். உடன்பிறப்புகளாக இருந்தால் பூட்டின் வகையும் ஒன்றாகிப்போய், கூட்டமாகப் பூத்தும் காய் குறையும்.